நாய்க்கடி வரிசையில் நாய் கடிக்காதவர்கள்

நாய்க்கடி வரிசையில் நின்றுகொண்டு பொய் சொல்வதைப் போலச் சிரமமான வேலை வேறில்லை. ஊசி அறைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். காய்ச்சல் என்று வருகிறவரை யாரும் குடைந்து கேட்பதில்லை. நாய் கடித்தது என்று வந்துவிட்டால் வரிசையே விசாரணைக் கமிஷனாக மாறிவிடும். எந்தத் தெரு நாய், என்ன நிறம், அதுவாகக் கடித்ததா நீ சீண்டினாயா என்று தொடங்கி, நாய் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில் வந்து நிற்பார்கள். கடித்த நாய் பத்து நாளைக்குள் செத்துப்போனால் அது வெறிநாய் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஊசி போடுமுன் நானும் அதைத்தான் கேட்பேன்.

நீங்கள் இப்போது கையில் போட்டு, அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். அன்றைக்குத் தொப்புளைச் சுற்றித் தினமும் போட வேண்டும். அதனால் எங்கள் ஊசி அறை வாசலில் எந்த நாளும் கூட்டம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நர்ஸாக வேலை பார்த்த அரசாங்க ஆஸ்பத்திரியில், எண்பதுகளின் கடைசியில், அந்தக் கூட்டத்துக்குள் நாய் கடிக்காத சிலரும் நின்றார்கள். அவர்களில் ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். நாயின் பெயரை மட்டும் மாற்றவில்லை.

மாதத்தில் இரண்டு புதன்கிழமை மதுரையிலிருந்து ஒரு மனநல டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போகிறவர். அதிகம் பேசமாட்டார். இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க ஊர்க்காரங்க மதுரைக்கு ஒரு தடவை வருவாங்க, சிஸ்டர். மருந்து நல்லா வேலை செய்யும். ரெண்டாந்தடவை வரமாட்டாங்க. மருந்து சும்மா கிடைக்கும். பஸ் சும்மா இல்லையே? கூட வர்றவருக்கும் அன்னைக்குக் கூலி போயிடும். அதனாலதான் நானே வந்துட்டேன்" என்றார்.

மருத்துவக் காப்பீடு என்ற பேச்சே அப்போது எங்கள் பக்கம் கிடையாது. ராஜபாளையத்து மில்லில் நிரந்தர வேலை இருந்தால் இலவச வைத்தியத்துக்கு இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. அந்தக் கார்டு இல்லாத வீட்டில் ஒருவருக்கு மனசு கலங்கினால், நகையை விற்றுத் தனியார் டாக்டரிடம் போவார்கள். நகை தீர்ந்ததும் கோயில், தர்கா, மந்திரித்த கயிறு. மற்ற வியாதிக்காவது யாரிடமாவது கைமாற்று கேட்கலாம். என் மகனுக்குப் புத்தி சரியில்லை, பணம் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

மதுரை டாக்டருக்கு ஓர் அறை ஒதுக்கி, வாசலில் 'மனநலப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டினோம். முதல் புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். ஒரே ஓர் அம்மாள் வாசல்வரை வந்தார். போர்டைப் படித்தார். "பல்லு டாக்டரு எங்க இருக்காவ?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, போர்டைக் கழற்றி உள்ளே வைத்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு என் ஊசி அறைக்கு வந்தார். மூலையில் ஒரு பச்சைத் திரை இருந்தது. அதற்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். "இந்த வரிசையில நின்னா யாரும் என்ன ஏதுன்னு கேட்கமாட்டாங்கல்ல?" என்றார். பாவம், பெரிய படிப்புப் படித்தவர், நாய்க்கடி வரிசையில் ஒரு நாளும் நின்றதில்லை.

இருந்தாலும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் செய்தி பரவியது. மாத்திரை இலவசம். சிலருக்குப் பதினைந்து நாளுக்கு ஓர் ஊசி போட்டாலே போதும், அதுவும் இலவசம். நாய்க்கடிக்காரர்களோடு வரிசையில் நகர்ந்து உள்ளே வருவார்கள். நான் கண்ணைக் காட்டுவேன், திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் செல்வம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. இருபத்தைந்து வயது இருக்கலாம். தறிச் சத்தத்துக்குள் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாக அவனுக்குக் கேட்க ஆரம்பித்தது. தறியை நிறுத்திவிட்டு, "யாருலே அது?" என்று ஒவ்வொருவராகப் போய்க் கேட்பான். அவன் அம்மா கம்மலை விற்று மதுரையில் தனியார் டாக்டரிடம் காட்டினாள். சத்தம் நின்றது. கம்மல் பணம் தீர்ந்ததும் மருந்து நின்றது, சத்தம் திரும்ப வந்தது. அவனைப் போன்றவர்கள் நெய்த துணியால்தான் ஊரில் உள்ள புண்ணுக்கெல்லாம் நாங்கள் கட்டுப் போட்டோம். அவனுக்கு எந்த ஆஸ்பத்திரிக் கார்டும் கிடையாது. நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

எங்களிடம் வரத் தொடங்கிச் சில மாதத்தில் தெளிந்துவிட்டான். மறுபடி தறிக்குப் போனான். வ. புதுப்பட்டி என்ற ஊரில் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம். பெண் வீட்டுக்கு அவன் வியாதி தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நிற்கும். கல்யாணம் நின்றால் இவன் வெட்கப்பட்டு ஊசிக்கு வருவதை விட்டுவிடுவான். விட்டால் அந்தச் சத்தம் திரும்ப வந்துவிடும். அவன் அம்மாவுக்கு இதே பயம்தான். எனக்கும்தான்.

இந்த நேரத்தில் ஒரு சனிக்கிழமை, மாத்திரை தீர்ந்து வாங்க வந்தபோது, அவன் தெருக்காரர் ஒருவர் வரிசையில் அவனுக்குப் பின்னால் வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் நிஜமாகவே நாய் கடித்தவர்.

"ஏலே செல்வம், ஒன்னையுமா கடிச்சிருச்சு? எந்த நாய்லே?"

செல்வத்துக்குப் பொய் பழக்கமில்லை. பதறிப்போய், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே நாயின் பெயரைச் சொல்லிவிட்டான்.

"மேஸ்திரி வீட்டுப் பீமா."

"அந்த வெள்ளை நாயா? அது நல்லா இருக்கா, எப்படி?"

"கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

இந்தக் கடைசி வரியை ஏன் சேர்த்தாய் என்று பிறகு கேட்டேன். "அவரு அப்படி மொகத்தப் பாத்துக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல, சிஸ்டர்?" என்றான்.

மேஸ்திரி என்பவர் செல்வத்தின் தெருவில் இருந்த தெலுங்கு வீட்டுக்காரர். மில்லில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். பீமா அசல் ராஜபாளையம் நாய், வெள்ளை வெளேர் என்று இடுப்பு உயரத்துக்கு நிற்கும். மீதி ஊசியை ஊரிலேயே போட்டுக்கொள்வதாகத் திரும்பிப் போன தெருக்காரர், செய்தியையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரே நாளில் பீமாவுக்கு வெறி பிடித்துவிட்டது என்று தெரு முடிவு கட்டிவிட்டது. பிள்ளைகளை வெளியே விடவில்லை. இளவட்டங்கள் கம்போடு மேஸ்திரி வீட்டு வாசலுக்கு வந்து, நீங்களே முடிக்கிறீர்களா, நாங்கள் முடிக்கவா என்று கேட்டிருக்கிறார்கள். தினமும் போட வேண்டிய ஊசிக்குச் செல்வம் இனிப் புதன்கிழமைதான் போகிறான் என்பது மேஸ்திரிக்கு உறுத்தியிருக்கிறது. அதுவரை பொறுங்கள், ஆஸ்பத்திரியிலேயே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் தவணை வாங்கியிருக்கிறார்.

அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு வாடகை அம்பாசடர் கார் எங்கள் வளாகத்துக்குள் வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது பீமா. உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் இப்போது வருகிறது, அன்றைக்கு வரவில்லை. நாய் கடித்து நிற்கிற அத்தனை பேர் நடுவில் அவ்வளவு பெரிய நாயைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? வரிசை நாலாபக்கமும் தெறித்தது. ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து மேலே ஏறிவிட்டார். காலில் கட்டோடு வந்த ஒரு பெரியவர் ஓடிய வேகத்தைப் பார்த்து, இவருக்கா கடி என்று நினைத்தேன்.

"கூச்சோ" என்றார் மேஸ்திரி. தெலுங்கில் உட்கார் என்று அர்த்தம். அந்த அமளிக்கு நடுவில் நாய் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்தது.

"இங்க பொறுப்பு யாரு?"

"நான்தான்" என்று முன்னால் வந்தேன்.

"நல்லாப் பாருங்க. வாயில நுரை தள்ளுதா? கண்ணு செவந்திருக்கா? எங்க தெரு செல்வத்த இது கடிச்சிருச்சுன்னு சொல்லுதானுவ. கடிச்சதுன்னா கடிச்சதுன்னு சொல்லுங்க, என் கையாலயே நான் முடிச்சிக்கிடுதேன். கடிக்கலன்னா, அந்தப் பய இங்க வந்து எதுக்கு ஊசி போடுதான்? அதச் சொல்லுங்க."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆமாம் என்றால் ஒரு பாவமும் அறியாத நாய் சாகும். இல்லை என்றால் அவருடைய இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேறொரு நாய் கடித்தது என்று நானும் ஒரு பொய்யைச் சேர்க்கலாம். ஆஸ்பத்திரியே பொய் சொன்னால் அப்புறம் எங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? செல்வம் தூணுக்குப் பின்னால் முகம் வெளுத்து நிற்பது தெரிந்தது. கூட்டத்தில் திரைக்குப் பின்னால் போக வந்த இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வத்தைப் பற்றி இன்று நான் எதைச் சொன்னாலும், நாளைக்குத் தங்களைப் பற்றியும் சொல்வேன் என்று அவர்கள் நினைப்பார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

பச்சைத் திரையை ஒரு பார்வை பார்த்தேன். டாக்டர் வெளியே வரவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

"ஐயா, உங்க நாய் கடிச்சுதுன்னு நாங்க இங்க யாருக்கும் வைத்தியம் பார்க்கல. இத உங்க தெருவுக்கே வந்து வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா யாரு எதுக்கு ஊசி போடுறாங்கன்னு கேட்டீங்கன்னா, சொல்லமாட்டேன். நாளைக்கு நீங்களே வந்து ஊசி போட்டுட்டுப் போனாலும் உங்களப் பத்தியும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன்.

"இது ஒரு பதிலா?"

"என்கிட்ட இருக்கிறது இதுதான்."

"ஒரு உசுரு போகப்போவுது, நீங்க ரகசியம் காக்கியளோ?" என்று கத்தினார். கத்திய குரல் பாதியில் உடைந்தது. அதுவரை நாயின் மேலுள்ள பெருமையில்தான் அந்த மனிதர் குதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கண் நிறைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "இது செத்துப்போச்சுன்னா என் வீட்டுக்காரி யார்கிட்டம்மா பேசுவா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் செல்வம் தூணைவிட்டு வெளியே வந்துவிட்டான். வராதே என்று தலையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பீமா எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவன் காலில் போய்ச் சாய்ந்தது. தினமும் அவன் கையால் பிஸ்கட் தின்கிற நாயாம்.

"மேஸ்திரி, பீமா கடிக்கல. நான்தான் பொய் சொல்லிட்டேன். எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. தறியில நிக்கையில யாரோ என்னைய ஏசுத மாதிரியே கேக்கும். அதுக்குத்தான் இங்க ஊசி போடுதேன். இப்பக் கேக்கல" என்றான்.

வளாகம் முழுவதும் கேட்டது. ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். திரைக்கு வந்தவர்களில் இருவர் சத்தமில்லாமல் வாசலை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவன் கல்யாணம், அவன் மருந்து, எங்கள் புதன்கிழமை எல்லாமே அன்றோடு முடிந்தது என்றுதான் தோன்றியது.

மேஸ்திரி அவனை அறையப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, வேறு ஆள் போன்ற குரலில் கேட்டார்.

"இங்கயா? இதுக்கு இங்க மருந்து குடுக்கியளா?"

"ஆமா."

"எம்புட்டு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சும்மாதான்."

"சும்மாவா?" என்றவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நாயும் பக்கத்தில் உட்கார்ந்தது.

உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். அவர் மில்லில் இருந்தவரை கார்டு இருந்தது, மனைவிக்கு வைத்தியம் பார்த்தார், அந்த அம்மாள் நன்றாக இருந்தார். ரிட்டயர் ஆனதும் கார்டு போனது. கொஞ்ச நாள் தனியாரிடம் பார்த்தார். மகள் கல்யாணத்தோடு கையிருப்பு கரைந்தது. மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அந்த அம்மாள் பின்கட்டு அறையை விட்டு வருவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. பீமாவிடம் மட்டும் பேசுவார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டா. இதுகிட்ட பேசுவா. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நான் கேட்டுக்கிடுவேன்" என்றார். "இந்தா இருக்கு ராஜபாளையம். இங்க இது கெடைக்கும்னு எனக்கு ஒருத்தனும் சொல்லலையே, சிஸ்டர்?"

எப்படித் தெரியும்? போர்டைக் கழற்றி வைத்தவர்களே நாங்கள்தானே. போர்டு இருந்தால் வெட்கப்பட்டு வரமாட்டார்கள். போர்டு இல்லாவிட்டால் தெரியாமல் வரமாட்டார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி எனக்கு ரிட்டயர் ஆகும்வரை அகப்படவில்லை. உங்களுக்கு அகப்பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

அன்று மத்தியானம் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். நீங்கள் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டேன். "நான் வந்திருந்தா, நான் என்ன டாக்டர்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். திரைக்குள்ள ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. அவளை விட்டுட்டு நான் எங்க வர?" என்றார். எனக்குச் சட்டென்று கோபம் அடங்கிவிட்டது. நான் வெளியே நின்று காத்ததைத்தான் அவர் உள்ளே உட்கார்ந்து காத்திருக்கிறார்.

மேஸ்திரி ஊருக்குப் போய், கடித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு நாய், பயத்தில் பயல் மாற்றிச் சொல்லிவிட்டான் என்று தெருவை நம்பவைத்துவிட்டார். அது அவருடைய பொய், நான் பொறுப்பில்லை. பீமா பிழைத்தது. அடுத்த டாக்டர் புதன்கிழமை மனைவியைக் கைப்பிடித்து பஸ்ஸில் கூட்டிவந்தார். அதன்பிறகு ராஜபாளையத்தில் எங்களுக்குப் போர்டே தேவைப்படவில்லை. யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அறிந்து, அவரே போய்ப் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவைப்பார். அன்றைக்கு வாசலைத் தாண்டிப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்தார். மற்றவரை நான் பிறகு பார்க்கவேயில்லை. இந்த வேலையில் அப்படியும் நடக்கும்.

செல்வமும் ஊசிக்குத் தவறாமல் வந்தான். கல்யாணப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அத்தனை பேர் காதில் விழுந்த விஷயம் வ. புதுப்பட்டிக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு உள்ளூர உதைத்துக்கொண்டே இருந்தது.

மார்கழியில் ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒரு பெண் ஊசி அறைக்கு வந்தாள். கையில் மடக்கிய குடை. வ. புதுப்பட்டியிலிருந்து வருகிறேன் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ராஜபாளையத்து செல்வம்னு ஒருத்தவிய இங்க ஊசிக்கு வாராவளா?"

"யாரு எதுக்கு வாராங்கன்னு நாங்க சொல்றதில்லம்மா" என்றேன். வேண்டுமென்றே கறாராகத்தான் சொன்னேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க சொல்லமாட்டியன்னு அவியளே சொன்னாவ."

ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன். உட்கார்ந்து அவளே தொடர்ந்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்து, எங்க அப்பாவ வச்சிக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாவ. மறைச்சுக் கட்டிக்கிட எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னாவ. எங்கப்பா வேண்டாம்னுதான் ஒத்தக்கால்ல நின்னாவ. மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போறவியதான, வெளிய சொல்லாத எவனையாவது கட்டிவச்சா அவனுக்கு என்ன வியாதின்னு எனக்கு எப்படித் தெரியும்னு நான்தான் கேட்டேன். பொறவு சரின்னுட்டாவ."

"அப்புறம் எதுக்கும்மா இம்புட்டுத் தூரம் வந்த?"

"முகூர்த்தம் புதன்கிழமை வச்சிருக்காவ. அன்னைக்குத்தான் அவியளுக்கு ஊசி நாளாம்" என்றாள். "ஒரு நாள் தள்ளி வந்தா போடுவியளா, இல்ல கல்யாணத்த மாத்தி வைக்கச் சொல்லணுமா? அதக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

வியாழக்கிழமை வந்தாலும் போடுவேன், கல்யாணத்தை மாற்ற வேண்டாம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை விரித்துக்கொண்டு போனாள். நான் பச்சைத் திரைக்குப் பின்னால் போய், டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் அழுதேன்.